காற்றை அடைத்தால் குதிரை வருமா?

ஏப்ரல் 15ஆம் தேதி முதல் ஜூன் 14ஆம் தேதி வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம்பெருகும் காலம் என்பதால் 61 நாள் தடை. இந்த நாட்களில் புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினம் துறைக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாடையை மீறிக்கொண்டு பெயிண்ட் வாடை வரும். கரையேற்றிய படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள். எஞ்சின்களைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் எல்லா ஆண்டும் ஒரு பேச்சு நடக்கும்: “இந்த வருசம் எஞ்சினை மாத்திரலாமா?”

அந்த ஊர் மாணவர் ஒருவர் என் வகுப்பில் படிக்கிறார். ஒருநாள் பாடம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றார். “சார், டர்போ வச்ச ஜப்பான் கார் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. கையில கொஞ்சம்தான் பணம். முதல்ல எதை மாத்தினா பவர் கூடும்?” என்றார். கணினி விளையாட்டில் கார் ஓட்டுகிற பிள்ளைகள் கேட்கும் கேள்விதான் என்று நானும் விளையாட்டாகவே பதில் சொல்லத் தொடங்கினேன். சற்று நேரத்தில் உண்மைக் கேள்வி வெளியே வந்தது. அவர் தந்தை கடன் வாங்கிப் படகுக்கு டர்போ எஞ்சின் பொருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். தடைக்காலம் முடிவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கார் ஆனாலும் படகு ஆனாலும் இது ஒரே கேள்விதான். பதிலைத் தேட நமக்குத் தேவைப்படுவது பத்தாம் வகுப்புப் பௌதிகமும் ஒரு பென்சிலும்.

எஞ்சினின் திறன் எதனால் தீர்மானிக்கப்படுகிறது? டீசலால் என்று சொல்லத் தோன்றும். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அது எரிவதற்குக் காற்று வேண்டுமே! ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று தேவை. நடைமுறையில் புகையில்லாமல் எரிய வேண்டுமானால் 20 கிலோவாவது வேண்டும். ஆகவே எஞ்சின் எவ்வளவு காற்றை மூச்சாக இழுக்கிறதோ, அதுதான் அதன் எல்லை.

ஆறு லிட்டர் கொள்ளளவு கொண்ட ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் விசைப்படகுகளில் பரவலாகக் காணப்படும் அசோக் லேலண்டு எஞ்சின்களில் இந்த அளவுக்கு நெருக்கமானவை உண்டு. இது நான்கு வீச்சு எஞ்சின். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் 900 மூச்சு. 5,400 லிட்டர் காற்று. வால்வு வழியாக நுழையும்போது முழுதும் நிரம்பாது. 85 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால் 4,590 லிட்டர். நம் கடற்கரை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிராம். ஆக நிமிடத்துக்கு 5.3 கிலோ காற்று. அது தாங்கும் டீசல் 0.264 கிலோ. ஒரு கிலோ டீசலில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 189 கிலோவாட் வரும்.

மகிழ்ந்துவிடாதீர்கள்! இதில் 35 விழுக்காடுதான் எஞ்சின் தண்டுக்கு வந்து சேரும். மீதியில் ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. இன்னொரு பங்கைக் குளிர்விக்கும் நீர் வாங்கிக்கொள்கிறது. கிடைப்பது 66 கிலோவாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட் அல்லவா? ஏறத்தாழ 89 குதிரை. செலவாகும் டீசல் மணிக்குச் சுமார் 19 லிட்டர்.

புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் ஆற்றல்தான் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சியின் கண்ணை உறுத்தியது. 1905இல் அவர் ஒரு காப்புரிமை பெற்றார். வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றட்டும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கட்டும் என்பதே அதன் சாரம். இதுதான் டர்போ. 1920களில் அது முதலில் கப்பல் எஞ்சின்களில்தான் வெற்றி பெற்றது. கார்களுக்குப் பிறகுதான் வந்தது. ஆகவே படகில் டர்போ என்பது காரிடமிருந்து இரவல் வாங்கியதல்ல. அது பிறந்த வீடே கடல்தான்.

காற்றின் அழுத்தத்தை டர்போ 1.6 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காற்றும் 1.6 மடங்கு நுழையும், திறனும் அறுபது விழுக்காடு கூடும் என்று நம் மாணவர் சொன்னார். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடான காற்று விரியும். அதன் அடர்த்தி குறையும்.

32 டிகிரி செல்சியஸ், அதாவது 305 கெல்வின் வெப்பநிலையில் உள்ளே போன காற்று, எழுபது விழுக்காடு திறமையுள்ள டர்போவில் 1.6 மடங்கு அமுக்கப்பட்டு வெளியே வரும்போது சுமார் 95 டிகிரி, அதாவது 368 கெல்வின் ஆகிவிடும். வாயு விதிப்படி அடர்த்தி எத்தனை மடங்கு? 1.6 × 305 ÷ 368. விடை 1.33. அறுபது கேட்டோம், கிடைத்தது முப்பத்து மூன்று.

இந்தச் சூடான காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் குளிர்வித்தால்? அதற்குத்தான் இன்டர்கூலர். காரில் அதைக் குளிர்விப்பது எதிரே வரும் காற்று. படகுக்கோ சுற்றிலும் கடல்! 30 டிகிரிக் கடல்நீரைக் குழாய்களில் ஓடவிட்டு அந்தக் காற்றை 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால், 1.6 × 305 ÷ 318 = 1.53. அதே டர்போ, அதே அழுத்தம். முப்பத்து மூன்று, ஐம்பத்து மூன்றாகிவிட்டது. டீசலையும் அதே விகிதத்தில் கூட்டினால் நம் 89 குதிரை சுமார் 136 குதிரை ஆகும். டர்போவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சுழலும் சக்கரத்தையே புகழ்கிறார்கள். சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குளிர்விப்பானுக்கும் பாதிப் புகழ் சேர வேண்டும் என்பது என் கட்சி.

சரி, 136 குதிரையை அந்த எஞ்சின் தாங்குமா?

ஜப்பானியக் கார்களில் திறன் கூட்டும் பழக்கம் ஏன் பரவியது என்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கார்த் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தார்கள்: எந்தக் காரும் 280 குதிரைத் திறனுக்கு மேல் என்று அறிவிப்பதில்லை. ஆனால் எஞ்சின்களை அதைவிட உறுதியாகவே கட்டினார்கள். 1993இல் வந்த டொயோட்டா சுப்ராவின் மூன்று லிட்டர், இரட்டை டர்போ எஞ்சின் வார்ப்பிரும்பு உடல் கொண்டது. அதிகாரபூர்வமாக 280; உள்ளே இருந்த வலு அதற்கும் மேல். பின்னால் வந்தவர்கள் அழுத்தத்தைக் கூட்டியபோது அது தாங்கியதென்றால், தாங்கும் வலுவை யாரோ முன்பே அதில் வைத்திருந்தார்கள் என்று பொருள். எல்லா எஞ்சினிலும் அந்தச் சேமிப்பு இருக்காது.

டர்போவுக்கென்றே வடிவமைத்த டீசல் எஞ்சினில் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெயைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். அமுக்க விகிதம், பேரிங், தலைப்பகுதியின் கேஸ்கெட் எல்லாம் அதற்கேற்ப அமைந்திருக்கும். சாதாரண எஞ்சினில் டர்போவை மட்டும் கொண்டுவந்து மாட்டினால், ஒற்றை மாடிக்குப் போட்ட அடித்தளத்தின்மீது மூன்று மாடி எழுப்பிய கதைதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, என் தாய்மாமன் படகில் செலவில்லாமல் திறன் கூட்ட ஒரு வழி கண்டார்கள். டீசல் பம்பில் முத்திரை வைத்த திருகு ஒன்று இருக்கும். அதைச் சற்றுத் திருகிவிட்டால் ஒவ்வொரு பீய்ச்சலிலும் டீசல் கூடுதலாகப் போகும். திருகினார்கள். படகு துள்ளியது உண்மை. கருகருவென்று புகையும் வந்தது. “பார்த்தியா, எஞ்சின் எப்படி உறுமுது!” என்று மாமா பூரித்தார். கரும்புகை என்பது காற்றுப் போதாமல் எரியாது போன கரி; காசு கொடுத்து வாங்கிய டீசல் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்காவது முறை கடலுக்குப் போனபோது நள்ளிரவில் எஞ்சின் நின்றது. பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் ஓட்டை! அலுமினியக் கலவை அந்தச் சூட்டுக்கு உருகிவிட்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவரும் வரை கரையில் என் அத்தை உட்கார்ந்திருந்த கோலத்தை நான் மறக்கவில்லை.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். எஞ்சினும் தாங்குகிறது, 136 குதிரையும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படகு எவ்வளவு வேகமாகப் போகும்?

நீரைக் கிழித்துச் செல்லும் படகு அலைகளை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலைகளின் நீளமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் ஓர் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுப்பள்ளத்தில் படகு. அதற்கு மேலும் வேகம் வேண்டுமானால், படகு தான் எழுப்பிய அலையின்மீதே ஏற வேண்டும். ஆழ்நீரில் அலையின் வேகம், அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால் கிடைக்கும் (மீட்டர், வினாடி அளவுகளில்). நீரைத் தொடும் நீளம் 14 மீட்டர் உள்ள படகுக்கு இது வினாடிக்கு 4.68 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 17 கி.மீ., கடலோடிகளின் கணக்கில் சுமார் 9 நாட். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் 1870களில் டார்கீ நகரில் நீண்ட தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த அலைத் தடையை ஆராய்ந்தார். நம் இழுவைப் படகுகளின் கனமான, வயிறு பெருத்த உடலுக்கு 9 நாட் என்பது ஏறக்குறைய ஒரு சுவர்.

சுவரை நெருங்குமுன்னரேகூடக் கணக்கு கடுமையானதுதான். தடைவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; திறனோ விசையை வேகத்தால் பெருக்கி வருவது. எனவே திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். காரில் காற்றின் தடைக்கும் இதே விதிதான். 89 குதிரையில் 8 நாட் போன படகு 136 குதிரையில் 9.2 நாட் போகலாம் என்று மும்மடி விதி சொல்லும். அலைச்சுவர் இருப்பதால் தாராளமாக 9 என்று கொள்வோம்.

மீன்பிடிக்கும் இடம் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 8 நாட் என்பது மணிக்கு 14.8 கி.மீ.; போய்ச்சேர 2 மணி 2 நிமிடம். டீசல் சுமார் 38.5 லிட்டர். 9 நாட்டில் 1 மணி 48 நிமிடம். ஆனால் 136 குதிரைக்கு மணிக்கு 29 லிட்டர் வேண்டுமே. ஆகவே டீசல் 52 லிட்டர். பதினான்கு நிமிடம் மிச்சம் பிடிக்க ஏறத்தாழ பதினான்கு லிட்டர்! திரும்பி வருவதற்கும் இதே கணக்கு. கடன் தவணை தனி.

மாணவர் இந்தக் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு நியாயமான ஒரு மறுப்பைச் சொன்னார்: “சார், வலை இழுக்கும்போது வேகம் வேண்டாம், இழுப்புத்தானே வேண்டும்?” உண்மை. இழுவலையை இரண்டு, மூன்று நாட் வேகத்தில்தான் இழுக்கிறார்கள். அங்கே அலைச்சுவர் குறுக்கே வராது. கூடுதல் குதிரை இருந்தால் பெரிய வலையை இழுக்கலாம். ஆனால் அந்த இழுப்பைத் தருவது எஞ்சின் மட்டுமல்ல, நீருக்குள் சுழலும் புரொப்பெல்லரும்தான். புரொப்பெல்லர் செய்கிற வேலை நீரைப் பின்னால் தள்ளுவது. குறைந்த நீரை வேகமாகத் தள்ளினாலும், நிறைய நீரை மெதுவாகத் தள்ளினாலும் ஒரே உந்தம் கிடைக்கும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே முதல் வழியில் ஆற்றல் வீணாவது அதிகம். கியர்பெட்டியால் சுற்றைக் குறைத்து, இடம் கொள்ளும் அளவுக்குப் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றினால், அதே எஞ்சின் கூடுதலாக இழுக்கும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய புரொப்பெல்லரையே விட்டுவைத்தால் வாங்கிய குதிரைகள் லாயத்திலேயே நிற்கும்.

எஞ்சின் அளவுக்கு அரசு விதிகளில் வரம்பு உண்டு என்பதையும் அவரிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன், இது பௌதிகம் அல்ல. துறையில் ஒருவர் பெரிய எஞ்சின் வைத்தால் அடுத்தவரும் வைப்பார். எல்லாரும் வைத்த பிறகு யாரும் முந்தியிருக்க மாட்டார்கள். பாக் நீரிணைப் பகுதியில் மீன் அதனால் கூடிவிடப் போவதில்லை. டீசல் செலவுதான் கூடியிருக்கும்.

அப்படியானால் குறைந்த பணத்தில் எங்கிருந்து தொடங்குவது? அளப்பதிலிருந்து. எஞ்சின் முழுச் சுமையில் எத்தனை சுற்று சுற்றுகிறது, புகை என்ன நிறம், வெளியேறும் வாயு எவ்வளவு சூடு, ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் என்று முதலில் எழுதிவைக்க வேண்டும். கார் பந்தயக்காரர்களும் நல்லவர்களாயிருந்தால் இதையே செய்வார்கள். பல நேரங்களில் எஞ்சின் தன் பழைய திறனையே முழுதாகத் தந்துகொண்டிருக்காது. அடைத்துப்போன காற்று வடிகட்டி, தேய்ந்த பிஸ்டன் வளையங்கள், சரியாகத் தூவாத பீய்ச்சுமுனை இவற்றைச் சரிசெய்தாலே சில குதிரைகள் திரும்பி வரும். புதிய குதிரை வாங்குமுன் ஓடிப்போனவற்றைப் பிடித்துக் கட்டுவது மலிவு.

அடுத்தது படகின் அடிப்பாகம். ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுயிரிகளும் பாசியும் உராய்வை வெகுவாகக் கூட்டும். அவற்றைச் சுரண்டிப் பூச்சுப் பூசுவது தடைக்காலத்தில் எப்படியும் நடக்கிற வேலை. ஒப்புக்குச் செய்யாமல் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பிறகு வளைந்தும் அரித்தும் போன புரொப்பெல்லர். இவற்றைவிட மலிவான வழி ஒன்று உண்டு, அதற்குக் காசே வேண்டாம். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைப்பது! 0.9இன் மும்மடி 0.729. தேவைப்படும் திறன் 27 விழுக்காடு குறைகிறது. பயண நேரம் சற்றுக் கூடினாலும் மொத்த டீசலில் சுமார் 19 விழுக்காடு மிச்சம். மீனுக்கு விலை கிடைக்கும் நேரத்தில் கரை சேர வேண்டிய அவசரம் எல்லாருக்கும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. போகும்போதாவது குறைக்கலாமே.

காரிலும் பட்டியல் இப்படித்தான் தொடங்கும். முதலில் பழுது நீக்குதல். பிறகு டயரும் பிரேக்கும்: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போன கார் 140இல் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. அதன்பின் இன்டர்கூலர், எரிபொருள் அமைப்பு; கடைசியில்தான் பெரிய டர்போ. எடையைக் குறைப்பதும் திறனைக் கூட்டுவதற்குச் சமம். கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் சின்னஞ்சிறு எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். கார் லேசாக இருந்ததால் அந்த எஞ்சின் போதுமானதாயிற்று. ஆனால் சாலையில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து நம் விருப்பப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடந்தராது. அந்த ஆசையெல்லாம் இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களுக்குத்தான்.

டர்போ எஞ்சின் உள்ளவர்கள் வீட்டில் ஒரு செய்தி சொல்லுங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அது மிதப்பது மெல்லிய எண்ணெய்ப் படலத்தில். முழுச் சுமையில் ஓடிய எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகும். இரண்டு, மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும். எண்ணெயையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

நம் மாணவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார். ஜூன் 15ஆம் தேதி அவர் தந்தை பழைய எஞ்சினுடனேயே கடலுக்குப் போகப்போகிறார். அடிப்பாகம் சுரண்டி, புரொப்பெல்லர் சரிசெய்து. ஒவ்வொரு முறையும் சுற்று, நேரம், டீசல் மூன்றையும் அதில் குறிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாராம். கடன் வாங்குவதா என்பதை ஆறு மாதக் குறிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

அவர் முதலில் கேட்ட கார்க் கேள்வியை உங்களுக்கு விடுகிறேன். ஒரு காரின் டர்போ, 32 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது அது 112 டிகிரி ஆகிறது. இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்குக் குறைக்கிறது. இன்டர்கூலர் இருந்தால் எத்தனை விழுக்காடு கூடுதல் காற்று நுழையும்? இல்லாவிட்டால் எத்தனை? டிகிரியைக் கெல்வினாக மாற்ற மறந்துவிடாதீர்கள்.